ஊரே வந்த எங்கள் கொலு

சுண்டல் தாளிக்கும் பெருங்காய வாசம் எழும்போதெல்லாம் அந்த மாலை என்மேல் பாய்ந்து வந்து விழுகிறது. கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ஃபிளாட்டில் எங்கள் கொலு. வெளியே துர்கா பூஜை, ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ்த் தோழிகளை அழைப்பதாக நினைத்துப் படம், முகவரி, வரைபடம் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது இருந்ததைக் கவனிக்கவே இல்லை!

திறந்த கதவு வழியே கூட்டம் பொங்கியது. "பொம்மைப் பந்தல் இதுதானே?" என்று வங்காள மொழியில் கேட்டபடி முகம் தெரியாதவர்கள் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சுண்டலை அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

"அப்பா எங்க? கதவ நீதானே தெறந்து வெச்ச?" என்று கணவர் கத்தினார். உள்ளறைக்கு ஓடிப் பார்த்தேன், அவர் இல்லை. மறதி நோயுள்ள என் மாமனார் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறியிருந்தார்.

தெருத்தெருவாக ஓடினோம். எங்கும் மேளம், விளக்கு, மனிதக் கடல். நான் அழுதே விட்டேன். அப்போது, என்னிடம் சுண்டல் வாங்கிப்போன ஒரு வங்காளிப் பெண் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

"ஆபீசுக்கு டிராம் ஏறணுமாம்! உங்க வீட்ல பார்த்த முகமாச்சேன்னு கூட்டிட்டு வந்தேன்."

இப்போதெல்லாம் தோழிகளைத் தனித்தனியாக அழைக்கிறேன். படத்தில் பொம்மைகள் மட்டுமே இருக்கும், முகவரி இருக்காது.

அன்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிய அந்த வங்காளிப் பெண், தன் மொழியில் என்னை அண்ணி என்றழைத்துத் திரும்பிச் சிரித்தாள்.

"அடுத்த வருஷமும் கூப்பிடுங்க பௌதி. என் நம்பரையும் ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க!"