பாக்கியம் அக்காவின் வயிற்றுப் பட்டன்

முந்தாநாள் மதியச் சோற்று மணி அடித்துக்கொண்டிருந்தபோது நம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சத்துணவுக் கூடத்தில் ஒன்பது வருடம் சமைத்த பாக்கியம் அக்கா இறந்துவிட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மனுப்போட்ட மூன்று ஆசிரியர்களின் கைகளும் அதில் இருந்தன.

புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சில் அவருடைய உணவுக்குழாய் சுருங்கி அடைத்துப்போனது. வயிற்றில் துளையிட்டு ஒரு முழக் குழாயைத் தொங்கவிட்டார்கள். கூழும் பாலும் அதன் வழியேதான். கல்வராயன் மலை பஸ்ஸில் யாருடைய கூடையோ மாட்டி இழுத்ததில் ரத்தம் வந்தது. கள்ளக்குறிச்சி டாக்டரிடம் துணைக்குப் போனவன் நான். வயிற்றோடு பட்டன் போல ஒட்டியிருக்கும் சின்னக் குழாயை அவர் காட்டினார். அளவெடுத்து வைக்க வேண்டும், உடம்பு இளைத்தால் அளவை மாற்ற வேண்டும் என்றார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "குனிஞ்சி சோறு வடிக்கலாமா சார்?"

வடித்தார். தினமும் பட்டனைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதை ஒருமுறை சுழற்றிவிடுவார். கூழ் போன பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுவார். உள்ளே அதைப் பிடித்துவைத்திருக்கும் குட்டி பலூனின் தண்ணீரைத் திங்கட்கிழமைதோறும் சிரிஞ்சால் உறிஞ்சி அளப்பார். "அஞ்சு மில்லி வுட்டேன், நாலுதான் கீது. உள்ள எவனோ குடிச்சிக்கினு கீறான் சார்" என்று சிரிப்பார். மாற்றுப் பட்டன் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். "கழண்டு வுழுந்தா ஓட்டை மூடிக்கும். பஸ்ஸு வர்ற வரைக்கும் அது காத்துக்கினு இருக்காது."

வயிற்றில் ஓட்டையோடு சமைப்பது அருவருப்பு என்று மனுவில் எழுதியிருந்தார்கள். ஓட்டை ஒரு சாக்கு. அவர் சாதிக்காரர் கை பட்ட சோற்றை அந்த மூவரும் அதற்கு முன்பும் தொட்டதில்லை. இது நம் எல்லோருக்கும் தெரியும்.

விசாரிக்க வந்த அதிகாரி, பிள்ளைகள் தட்டோடு நிற்கையில், "எங்க, காட்டு" என்றார். அக்கா சேலையை விலக்கிக் காட்டினார்.

"முழுங்க முடியாதவ எப்படி ருசி பார்ப்ப?"

"நாக்குல வெச்சித் துப்பிடுவேங்க."

"துப்பிட்டு, அதே கையால பசங்களுக்குப் போடுவியா?"

மனுப்போட்டவர்கள் சிரித்தார்கள். அக்கா என் உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார் விட்டார். "நீங்க சொல்லுங்க சார். உப்பு கரெக்டா கீதா?"

நக்கிப் பார்த்தேன். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஆசிரியர் வேலை நிரந்தரமாகவில்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

வேலை போனதும் அக்கா இளைத்தார். பட்டன் தளர்ந்து கசிந்தது, சுற்றிலும் தோல் வெந்தது. ஆஸ்பத்திரியில், "சின்ன சைஸ் வரல, அடுத்த மாசம் வா" என்றார்கள். துணியை மடித்துச் செருகிக்கொண்டு மூன்று முறை போய்த் திரும்பினார். மூன்று முறையும் அதே பதில். புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. நான்காவது முறை போகவில்லை.

நேற்று வாய்க்கரிசி போட்டோம். இரண்டு வருடமாக ஒரு பருக்கை உள்ளே இறங்காத வாய் அது. உயிரோடு இருந்தபோது அவர் பிழைப்பைப் பிடுங்கியவர்கள் வரிசையில் நின்று அதில் அரிசி போட்டார்கள். நான் அரிசியை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கணவர் சொன்னார்: "போடுங்க சார். எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி."

போட்டேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அன்று பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதிலை, அவரைத் தெரிந்த உங்கள் முன்னால் இப்போது சொல்கிறேன். உப்பு சரியாகத்தான் இருந்தது, அக்கா.