'போறேன்' என்று சொல்லாதவர்

அலுவலகத்தில் அவளுக்குக் கோந்து என்று பட்டப்பெயர். வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று கூப்பிடும் கைபேசி வாடிக்கையாளர்களைப் பேசிப் பேசி ஒட்டவைப்பது அவள் வேலை. மாதக் கட்டணத்தைக் குறைத்துத் தருவாள். கோபத்தோடு வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தாள்.

ஒரு நாள் பொது விசாரணைப் பிரிவில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட, அவளை அங்கே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வந்த அழைப்பு அவள் மாமியாருடையது. அவர் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவர். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"ஏம்மா, கடைக்குள்ள டவரே கிடைக்க மாட்டேங்குது. என்னன்னு பாரேன்."

"பாக்குறேன்மா, ஒரு நிமிஷம்" என்றாள், வேலைக்கென்று வைத்திருக்கும் குரலில்.

"எவ்வளவு பதமாப் பேசுற. என் மருமகளும் உங்க கம்பெனிதான். வீட்டுல வாயைத் திறந்தா காது கிழியும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்கைத் திறந்தாள். திறந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நாலு வருடத்துக்கு முன் மாமியார் வாங்கிய 'இலவச' போனின் விலை மாதக் கட்டணத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டே வருடத்தில் அது கட்டி முடிந்துவிட்டது. கட்டணம் மட்டும் குறையவே இல்லை.

மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாள்.

"போன் காசு முடிஞ்ச பிறகும் ஏன் அதே தொகை போகுது?"

"போறேன்னு சொன்னாத்தான் குறைப்போம். நீங்க தினம் சலுகைன்னு குடுக்குறது அந்தக் காசைத்தானே. தெரியாதா உங்களுக்கு?"

கட்டணத்தைக் குறைக்கலாம் என்று நாமாகச் சொல்லக் கூடாது என்பது விதி, பேசுவதெல்லாம் பதிவாகும். மைக்கைப் போட்டு, சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"அம்மா, வேற கம்பெனிக்குப் போகணும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?"

"சேச்சே. என் மருமகளுக்குச் சோறு போடுற இடம். நான் ஏன் போகணும்?"

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றுபோனது.

"அது நீயா?"

"ஆமா அத்தை."

"போறேன்னு மிரட்டுறவனுக்குக் கம்மி. நம்பி இருந்த எனக்கு ஜாஸ்தி. அப்படித்தானே?"

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மாமியார் கம்பெனிக்குக் கூப்பிட்டு, போகிறேன் என்றார். ஒரு நிமிடத்தில் கட்டணம் பாதியானது. இரண்டு வருடமாகக் கூடுதலாக எடுத்த பணத்தைத் தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்றார்கள். அதே எண்ணோடு நிஜமாகவே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

கோந்து மேலாளரிடம் போனாள்.

"போன் விலை முடிஞ்சதும் நாமளே குறைச்சிடலாமே சார்?"

"குறைச்சா யாரும்மா போறேன்னு கூப்பிடப் போறாங்க? அப்புறம் உங்க வேலைக்கே வேலை இருக்காதே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தன் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராகச் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. முதல் நாள் மாமியாரே டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.