முருங்கைக்குப் போகிற தண்ணீர்

தருவைகுளத்துக்கு மேற்கே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவோம். விடியுமுன் எழுந்து குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடப்போம். எனக்கு எட்டு வயது. கனவில்கூட நான் குடமும் கையுமாகத்தான் இருப்பேன்.

சித்தப்பாவுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. ஆளிலும் குறையில்லை, சம்பளத்திலும் குறையில்லை. ஆனாலும் பெண் கேட்டுப் போனபோது ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் இரண்டு பேர், "எம் பிள்ளைய கொடத்தோட அலைய விட முடியாது" என்று கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது, சித்தப்பாவே ஒரு கல்யாண வீட்டில் பார்த்து ஆசைப்பட்ட பெண். அன்றிலிருந்து மனுஷன் கால் தரையில் பாவவில்லை.

பெண்வீட்டார் வருகிற அன்று தெருவே ஆளுக்கொரு குடம் தண்ணீர் தந்தது. எங்கள் அண்டாக்கள் வாய்முட்ட நிறைந்து நின்றன. நான் போய்ப் போய் அவற்றில் முகம் பார்த்தேன். அடேயப்பா, வீட்டுக்குள்ளேயே ஒரு குளம்!

"ஏளா, வந்தவுக முன்னால தண்ணிப் பேச்சே எடுக்கப்படாது" என்றாள் அம்மா. சத்தியமாக நான் எடுக்கவில்லை.

பெண்ணின் அப்பா சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். கை கழுவச் செம்பைச் சாய்த்தேன். என் கால் தன்பாட்டுக்கு, சுவரோரம் கிடந்த மண்சட்டியை அவர் கைக்குக் கீழே தள்ளிவிட்டது. எங்கள் வீட்டில் கை கழுவிய தண்ணீர் தரையில் விழுந்து நான் பார்த்ததேயில்லை.

"இது எதுக்கு தாயி?"

"முருங்கைக்கு" என்றேன், பெருமையாக வேறு.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என் அப்பாவிடம் திரும்பி, "வாய்க்கால் இங்கன வரலியோ?" என்றார்.

"வெள்ளக்காரன் வெட்டுனது அண்ணாச்சி. எங்களுக்குத் தெக்கயே நிறுத்திட்டான். எங்க பாட்டையா குடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல."

அவர் சட்டியைத் தானே தூக்கிப்போய், சொட்டுச் சிந்தாமல் முருங்கை மூட்டில் ஊற்றினார். கல்யாணம் நிச்சயம் என்று நான் குதித்தேன்.

வெள்ளிக்கிழமை பெண்வீட்டு ஆள் வந்து, வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியாமல் அந்தச் சட்டியைக் கொண்டுபோய்ப் பனங்காட்டு மணலில் புதைத்தேன். அடுத்த பெண்வீட்டார் வரும்போது தண்ணீர் தரையில் விழட்டுமே!

சித்தப்பா அதைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, பழைய இடத்திலேயே வைத்தார்.

"பாவம், இது என்னளா செஞ்சுது?"

"அப்ப யாரு செஞ்சா?"

சித்தப்பா, வாய்க்கால் நின்றுபோன தெற்குப் பக்கம் பார்த்தார். நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். வெயிலில் பனைகள் நெளிந்துகொண்டிருந்தன. அங்கே ஒருவரையும் காணோம்.