பிரஷருக்குக் கட்டிய காப்பு

என் இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோதே, அக்குளிலிருந்து இரண்டு நெறிகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார் கோவில்பட்டி டாக்டரம்மா. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் கட்டுமே, அதே நெறிதான், அக்குளிலும் உண்டாம். நீல மருந்தை ஊசியில் ஏற்றி, எது முதலில் நீலமாகிறதோ அதை எடுப்பார்களாம்.

"வேட்டிக்குப் போடுத நீலமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மறுநாள் எனக்குச் சிறுநீர் பச்சையாகப் போனபோது நானும் சிரிக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்த பிறகுதான், "ரெண்டு நாள் அப்படித்தான் போகுமாம், சொல்ல மறந்துட்டேன்" என்றார் மனுஷன்.

நெறி சுத்தமாக இருந்தால் தப்பித்தேன். நோய் அதில் ஏறியிருந்தால் அக்குளை மறுபடி திறந்து மிச்சத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். முடிவு வரப் பத்து நாள். பயமாக இருந்தது. எனக்குப் பயம் கோபமாகத்தான் வெளியே வரும்; பத்து நாளும் திட்டு வாங்கியது அவர்தான்.

இடது கையில் இனி பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நீ மறந்திருவ" என்று, பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த அன்றே வீட்டுக்காரர் என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிற்றைத் தொளதொளவென்று கட்டிவிட்டார். அடையாளமாம். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊரே காப்புக் கட்டிய வாரம் அது. கோயில் வாசலையே மிதிக்காத மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!

நான் தீச்சட்டி எடுக்கப்போவதாகத் தெருவெல்லாம் பேச்சு. எனக்கு வந்த கோழிக்குழம்பை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள் பக்கத்து வீட்டு மதினி.

"இது பிரஷருக்குக் கட்டுனது மதினி."

"எதுக்குக் கட்டுனா என்ன? காப்பு காப்புதான். கவிச்சி ஆகாது, கட்டில்ல படுக்கக் கூடாது."

இவரிடம் கத்தினேன். "நானும் திங்கல, போதுமா?" என்றார். அவர் பாட்டுக்குத் தரையில் பாயை விரித்தார். என் கைமேல் பட்டுவிடுமாம். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை வேறு. கொசுவாம்.

இதற்கிடையில் கைக்குப் பயிற்சி. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். மேல்கை மரத்துப்போய் யாருடைய கையோ போலிருக்கும்; அக்குள் மட்டும் சுண்டி இழுக்கும். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை உயர்த்தி நிற்கிறேன். பின்னாலிருந்து மதினியின் குரல்: "ஆத்தா, இந்த வருசமாவது மழை உண்டுமா?"

"போடி அங்கிட்டு!" என்று அலறினேன். ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று மதினி தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் முடிவு வாங்கப் பஸ் ஏறப் போனபோதும் அவள்தான் வழிமறித்தாள். "காப்புக் கட்டிட்டு எல்லையத் தாண்டலாமா? பொழுதடையுததுக்குள்ள ஊருக்குள்ள வந்திரணும்."

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நெறியும் சுத்தமா இருக்கும்மா" என்றார். திரும்பிப் பார்த்தால் இவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டில் மஞ்சள்கிழங்குத் துண்டு முடிந்த கயிறு, இத்தனை நாள் வேர்வையில் கறுத்துப்போய்.

"அப்போ எனக்குக் கட்டுனது?"

"அது பிரஷருக்குத்தாண்டி. தீச்சட்டி நான் எடுக்குதேன். எந்திரி, பொழுதடையுததுக்குள்ள போகணும்."

அன்றைக்கு முழுக்க அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் பயந்துபோய், "என்னட்டி செய்யுது ஒனக்கு?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.