அத்தைக்கு வந்த பால்சுறா

என் மாமாவுக்கு நீச்சல் தெரியாது. றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் முழங்கால் நனைகிற ஓடை ஒன்றுதான் உண்டு. அதில் துணி துவைக்கலாம், நீந்திப் பழக முடியாது. அம்மாவின் கடைசித் தம்பியான அவர், தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் சிங்களக் கூட்டாளி ஒருவரோடு தென்கரைத் துறைமுகத்துக்குப் போய் ஆழ்கடல் படகில் ஏறிவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள் பலர். கடலுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

"போட்டுல இருந்து விழுந்துட்டா என்ன செய்வீங்க மாமா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

"கரைக்கு ஆறு நாள் ஓட்டம் குட்டி. நீந்தத் தெரிஞ்சவன் கொஞ்சம் பிந்திச் சாவான், அவ்வளவுதான்" என்றார். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

அத்தை தெரணியகலைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி மூன்றாம் வருடம் முழுகாமலிருந்தார். ஏழாம் மாதத்தில் மாமா கடலுக்குப் போனார். போகும்போது, பிள்ளை பிறக்குமுன் வந்துவிடுவதாகவும், வரும்போது பால்சுறா கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெற்றவளுக்குச் சின்னச் சுறாவைப் புட்டாக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. எங்களுக்குக் கிடைத்த கடல் டின் மீனும் கருவாடும்தான்.

பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. எட்டாம் மாதம் தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் பிறந்து, இரண்டு நாள் இருந்து, போய்விட்டது. பெண் குழந்தை. லயத்துக்குக் கீழே கொய்யா மரத்தடியில் அப்பாதான் குழி வெட்டினார். மாமாவின் போனுக்கு எத்தனை தடவை அடித்தும் சிங்களத்தில் ஒரு பெண் ஏதோ சொன்னாள், அவ்வளவுதான். படகுக்காரருடைய வீட்டுக்குச் சொல்லி, ரேடியோவில் சேதி சொல்லக் கேட்டோம். சொன்னார்களா, சொல்லியும் படகில் யாரோ மறைத்தார்களா, இன்றுவரை தெரியாது. "மாமா வந்தா நீ ஒண்ணும் சொல்லக் கூடாது, பெரியவங்க சொல்லிக்குவோம்" என்று அம்மா எனக்குக் கட்டளையிட்டிருந்தார்.

பத்தாம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எம்பிலிப்பிட்டி பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். கறுத்து, மெலிந்து, உதடெல்லாம் வெடித்திருந்தது. கையில் முடிச்சுப் போட்ட ஒரு பை.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை நான்.

லயத்துக்கு ஏறுகிற பாதை முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டே வந்தார். அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நடுக்கடலில் தண்ணீர் மை மாதிரி இருக்குமாம். பொழுது சாயும்போது அடியிலிருந்து என்னென்னவோ மேலே ஏறி வந்து மின்னுமாம். அவர்கள் விடுகிற தூண்டில் கயிறு றக்வானையிலிருந்து கொடகவெலைக்குப் போய்த் திரும்புகிற நீளமாம். கெலவல்லா என்கிற சூரை மீனுக்குப் போட்ட தூண்டிலில் ஆமையும் மாட்டும், பறவையும் மாட்டும்.

"ஒரு நாள் பூரா வேற வேலையே இல்ல. யாரோ விட்டுட்டுப் போன பழைய வலை ஒண்ணு மெதந்து வந்து எங்க கயித்துல சிக்கிருச்சு. உள்ளுக்கு ஆமை மூணு. ஒண்ணுதான் உசிரோட. ஸ்கிப்பர் நேரம் போகுதுன்னு கத்துறாரு. நான் வெட்டி விட்டுட்டேன்."

பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்து பையை அவிழ்த்துக் காட்டினார். உப்புப் பூத்த ஒன்பது சுறாக் குட்டிகள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். காய்ந்தும் கண்கள் திறந்தே இருந்தன.

"ஆளவிடப் பெரிய மோராச் சுறா ஒண்ணு. அறுத்தா வயித்துக்குள்ள இதுங்க. முந்தியெல்லாம் குட்டிய அப்படியே கடல்ல வீசிருவாங்களாம். இப்ப எங்க வீசுறது? முப்பது நாள் கெடந்தும் ஐஸ் ரூம் பாதி நெறையல. நான் அத்தைக்குன்னு கேட்டு வாங்கி, கூரையில காயப் போட்டேன்."

"உசிரோட இருந்துச்சா மாமா?"

"துடிச்சிச்சு. கொஞ்ச நேரம்" என்றார். பிறகு பையைக் கட்டிவிட்டு எழுந்தார். மேலே போகும்வரை, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் மூன்று நான்கு பெயர்கள் சொன்னேன்.

வாசலில் அம்மா அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபித்திருந்தால் இத்தனை வருடம் அது எனக்குள் இருந்திராது.

அத்தை காம்பரா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். மாமாவின் வெடித்த உதட்டைப் பார்த்தார். பிறகு அத்தை, "கையில என்ன?" என்றார். மாமா பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பால்சுறா அத்தை, உங்களுக்குத்தான்! ஒம்பது!" என்றேன் நான். ஒரு நல்ல சேதியாவது சொல்லக் கிடைத்ததே என்றிருந்தது எனக்கு.

அத்தை பையை வாங்கி, தரையில் உட்கார்ந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்றை மட்டும் மல்லாத்தினார். முன் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே, கொடி இருந்த இடத்தில், ஒரு சின்னக் கீறல். அதை விரலால் தடவினார்.

"இதுக்கும் நாள் நெறையலியா?" என்று கேட்டார்.

மாமா சுவரில் சாய்ந்தபடி அப்படியே குந்திவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு நடந்ததை லயத்தில் சிலர் பைத்தியம் என்றார்கள். அத்தை குட்டிகளைத் தன் பழைய சேலைத் துண்டில் சுற்றினார். மம்பட்டியை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்கு இறங்கினார். நல்ல கருவாடு மண்ணுக்குப் போகிறதே என்று அடுத்த வீட்டம்மா முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு துண்டாவது தின்று பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அத்தை நாலு வெட்டு வெட்டியதும் மாமா வந்து மம்பட்டியை வாங்கிக்கொண்டார். நாய் தோண்டாதபடி ஆழமாக வெட்டினார்.

இரண்டு மாதத்தில் அவர் மறுபடி கடலுக்குப் போனார். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவர் பெயரை எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள், வேறு வேலையும் இல்லை. வருடா வருடம் படகு இன்னும் தூரம் போனது. கடைசியில் அவர் கடலை விட்டு வந்தபோது, "மோரா தட்டுறதே அபூர்வமாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். நான் இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நடுக்கடலில் திரிகிற அப்படிப்பட்ட சுறாக்களில் சில, நம்மைப் போலவே கொடி வழியே ஊட்டி, ஏறக்குறைய ஒரு வருடம் குட்டிகளைச் சுமக்கும். தாயாக அவற்றுக்குப் பல வருடம் வேண்டும். தாயைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கடல் அந்தக் கணக்கை ஈடுகட்டாது. பிள்ளைகள் இதை எழுதிக்கொள்வார்கள். அதற்கு மேல் அந்தப் பாடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை.

அன்று குழியை மூடிவிட்டு அத்தை நிமிர்ந்தபோது, அவருடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் நனைந்திருந்தது. நல்ல வெயில். மழையில்லை, ஓடைப் பக்கமும் யாரும் போகவில்லை. நான் ஓடிப்போய் என் துவாயைக் கொண்டுவந்து, "நனைஞ்சிருக்கு அத்தை, தொடச்சிக்கிங்க" என்று நீட்டினேன். அத்தை அதை வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நின்றார்.

அது நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற துவாய். எப்போது திருப்பித் தருவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.