சமையலறையை எங்களிடம் விட்டுப் போனார்கள்

கனடாவில், ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் ஊழியர்களுக்கு வேலைநேரம் ஒதுக்குவது என் வேலை. போன வருடம் என் மேலாளர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். பல இடங்களில் வேலை செய்பவர்கள் மாதத்தில் ஒரு நாள் கூடிப் படிக்கும் குழு அது. செப்ரெம்பர் மாதக் கூட்டம் வகுப்பறையில் இல்லை, ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் என்றார்கள். அங்குள்ளவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் பிக்கரிங்கில் இருந்து வருபவர் இருந்தார்; அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வங்கிக் கிளையொன்றின் மனேஜர். குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர்.

"தங்கச்சி, மாட்டுக் கொட்டிலுக்குள்ளை என்ன லீடர்ஷிப் இருக்கப்போகுது?" என்றார்.

"போய்ப் பாப்பமே அண்ணை."

"பாக்கத்தானே போறம். மத்தியானச் சாப்பாடு நல்லாயிருந்தாச் சரி."

காலையில் ஒரு பால்பண்ணையைப் பார்த்தோம். பசுக்கள் தாமாகவே வரிசையில் வந்து இயந்திரத்துக்கு முன்னால் நின்றன. பண்ணைக்காரர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். அவரே எங்களை ஊர்ப் பலசரக்குக் கடைக்கும் கூட்டிப் போனார். பழைய முதலாளி கடையை மூடியபோது ஊர்ச்சனங்கள் பங்கு சேர்த்து அதை எடுத்து நடத்துகிறார்கள். அண்ணை அங்கே நின்று நிறையக் கேள்வி கேட்டார்.

மத்தியானம் ஊர் மண்டபத்தில் சாப்பாடு. வாரத்தில் ஒரு நாள் அங்கே ஊரின் வயதானவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பார்கள். அன்று நாங்களும் விருந்தாளிகள். சமையலுக்குப் பொறுப்பான பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். நான் தண்ணீர் எடுக்கச் சமையலறை வாசலுக்குப் போயிருந்தபோது அவருடைய இடுப்பில் இருந்த அவசர அழைப்புப் பேஜர் அலறியது. அதே நேரம் மண்டபத்தில் இன்னும் பலருடைய பேஜர்களும் அலறின.

அந்த ஊரில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படை கிடையாது. ஊரவர்களேதான் படை. அந்தப் பெண் ஏப்ரனைக் கழற்றி, கிட்ட நின்ற என் கையில் வைத்தார். "சோளத்தை இறக்கி வடி. கோழி வெந்ததும் வெளியே எடு. மேசையில் இருப்பவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார். பண்ணைக்காரரும், காலையில் நாங்கள் போன கடையில் காசு வாங்கிய பெண்ணும் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். ஏதோ ஒரு பண்ணையில் வைக்கோல் கொட்டில் பற்றிக்கொண்டதாம்.

எங்கள் பயிற்சியாளர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபடி நின்றார். அடுத்து எங்களைக் கூட்டிப் போகவேண்டியவரே தீயை அணைக்கப் போய்விட்டார். நான் ஏப்ரனைக் கையில் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றேன்.

அண்ணை கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? சோளத்தை வடியும். கோழியை நான் வெட்டுறன்."

"உங்களுக்குச் சமையல் தெரியுமோ அண்ணை?"

"வந்த புதுசிலை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான். பக்கத்திலை நிண்டு பாத்துப் பழகினதுதான்."

பிறகு எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் பாணைத் துண்டுகளாக வெட்டி வெண்ணெய் பூச, மற்றவர் தேநீர் ஊற்ற, நான் தட்டுகளைக் கொண்டுபோனேன். யன்னலோரம் இருந்த ஒரு வயதான அம்மாவின் மகனும் தீயணைக்கப் போயிருந்தான். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம்தான்" என்றார். "வரும்போது பசியோடு வருவான். அவனுக்கும் ஒரு தட்டு மூடி வை." நாங்கள் போனவர்கள் எல்லாருக்கும் தட்டுகள் போட்டு மூடி, சூடு ஆறாமல் இருக்க ஓவனுக்குள் வைத்தோம்.

அவர்கள் திரும்பி வந்தபோது மண்டபம் முழுக்கப் புகை மணத்தது. கொட்டில் முற்றாக எரிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டிலில் நின்ற கன்றுகளை ஒன்றுவிடாமல் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தப் பண்ணையின் சொந்தக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கும் ஒரு தட்டுப் போட்டு முன்னால் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே ஒருவர், கன்றுகளை இன்றைக்கே தன் கொட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் குளிர்காலத்துக்குத் தன்னிடம் வைக்கோல் மிச்சம் இருக்கிறது என்றார். யாரும் தலைமை தாங்கவில்லை. இனிப்பு மேசைக்கு வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கொட்டிலை இழந்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

சமையல்காரப் பெண் கண்கள் சிவக்க என் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாய் கடித்துவிட்டு, "சோளம் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் தொடங்கியபோது அண்ணை யன்னலால் பக்கத்துக் கார்களைப் பார்த்தார்.

"எங்கடை பக்கத்து வீட்டுக்காரன்ரை முகம் எனக்குத் தெரியாது தங்கச்சி. அவன்ரை காரைத்தான் தெரியும்."

"என்ரை மாடியிலை ஆர் ஆர் இருக்கினமெண்டு எனக்கும் தெரியாது அண்ணை."

மோர்னிங்சைட்டில் என் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாவது வழமை. அந்தக் குளிர்காலத்தில் அது நாட்கணக்கில் நின்றபோது, மேல்மாடிகளில் தனியாக இருக்கும் வயதானவர்களின் கதவுகளைத் தட்டினேன். முதலில் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தார்கள். ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். ஆனால் எதிர்வீட்டுப் பிலிப்பினோ தாதி, "நானும் வருகிறேன்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேராகப் போனபோது கதவுகள் சுலபமாகத் திறந்தன. சாமான் பைகளை மேலே தூக்கிக் கொடுத்தோம். கடைசியில் எல்லாருமாக ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அந்தக் குழுவில் ஒரு செய்தி வந்தது. "லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. நானும் மனைவியும் கீழே நிற்கிறோம். யாருக்குச் சாமான் தூக்க வேண்டும்?" எழுதியவர் அன்று கதவைச் சாத்திய மனிதர். நான் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனேன்.