மாட்டுத் தரகர் பார்த்துக் கொடுத்த ரேடியோ

எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் மாட்டுத் தரகர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அது தாத்தா போட்ட சட்டம். ஏர்மாடு, கறவைமாடு என்றால் நியாயம். தையல் மிஷின் வாங்கவும் அவர்தான் போனார். அம்மாவைப் பெண் பார்க்க வந்த கூட்டத்திலும் அவர் இருந்தாராம். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, யுத்தகாலத்தில் பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி அடித்தவர். ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தாலும் அவர் விரல் மட்டும் சும்மா இருக்காது. சாப்பிடும்போது தட்டில் தந்தி அடிப்பதுபோல் தட்டுவார், பிறகு என் முதுகில் தட்டுவார். என்ன தட்டினீர்கள் என்று கேட்டால் உன் பேர்தான் என்பார். பெங்களூருக்குப் போய்ப் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தபடியே வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேச லைசென்ஸ்கூட வாங்கி வைத்திருந்தார். பேசுவதற்குச் செட்டுதான் இல்லை.

ஓசூரில் ரிட்டயரான இன்ஜினியர் ஒருவர் புதுச் செட் வாங்கியிருந்தார். பழையதை விலைக்குக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். அது பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்து ஏலத்துக்கு வந்த பெட்டி. கேட்கவும் செய்யலாம், பதில் அனுப்பவும் செய்யலாம். பாட்டுக் கேட்பதற்கு அல்ல என்று தெரிந்ததும் அம்மாவுக்கு இருந்த ஆசை போய்விட்டது. தாத்தா ஒரேயடியாக வேண்டாம் என்றார்.

சித்தப்பா சண்டை போடவில்லை. "அப்ப நான் பம்பாய்க்குப் போறேன். கப்பல்ல தந்தி அடிக்க ஆளு எடுக்கறாங்களாம். இங்க எனக்குப் பேச ஆளில்ல" என்றார்.

"ஊடு நெறைய ஆளு இருக்குது, இவனுக்குப் பேச ஆளில்லையாம்!" என்று தாத்தா கத்தினார்.

அப்பா களி உருண்டையைக் குழம்பில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாத்தாவே கொஞ்சம் இறங்கி வந்தார். தரகர் போய்ப் பார்க்கட்டும், அவர் நல்லது என்றால் வாங்கலாம் என்றார். அப்பா, சித்தப்பாவோடு என்னையும் கூட அனுப்பினார். பெரியவர்கள் மூடி மறைப்பதை நான் போட்டு உடைத்துவிடுவேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சித்தப்பா வெற்றிலை வாங்கப் போனார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் கையும் தரகர் கையும் மறையும்படி போட்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது இப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே மாடே இல்லை. பெரியவர்கள் விளையாடுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓசூரில் தரகர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தார். முதுகில் ஓங்கித் தட்டினார். "எதனா கெட்ட பழக்கம் இருக்குதா?" என்று இன்ஜினியரைக் கன்னடத்தில் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: சூடேறினால் நின்ற இடத்தில் நிற்காது, ஸ்டேஷன் கொஞ்சம் நகரும், திருகிக் கொண்டுவர வேண்டும்.

"வெயில் தாங்காது. செலது அப்பிடித்தான்" என்று தரகர் தலையாட்டினார். "ஏர்ல பூட்டிப் பாத்துரலாம்."

பேட்டரியை மாட்டினார்கள். சித்தப்பா காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு தந்திச் சாவியைத் தட்ட ஆரம்பித்தார். தட்டுவதும் காத்திருப்பதுமாக நேரம் போனது. திடீரென்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"யாரு?" என்றார் தரகர்.

"கொழும்புல ஒருத்தரு."

"என்னா சொல்றாரு?"

"அங்க மழையாம்."

"ஒறமொறையா?"

"இல்ல. யாருன்னே தெரியாது."

நாங்கள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தோம். ஓசூரில் நல்ல வெயில். அப்பா மட்டும் வானத்தையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா பதில் தட்டிக்கொண்டிருக்கும்போது, ஏரியல் கம்பி மாட்டியிருந்த இடத்தைத் தரகர் தடவிக் கொடுத்தார். "ஐயோ!" என்று அலறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். விரல் நுனி வெந்து வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா முதலில் என்னைத்தான் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"ஒதச்சுது தாத்தா. தரகரத்தான் ஒதச்சுது."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பம்பாய்க்குத் துணிமணி எடுத்து வைக்கத்தான் போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. ராயக்கோட்டைச் சந்தையில் காலைக் கொஞ்சம் அசைத்த பசுவையே வேண்டாமென்று தள்ளியவர் இந்தத் தரகர்.

அவர் வெந்த விரலை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஒதச்சுதுதாங்க ஐயா. அதான் நல்ல ஜாதி. தொட்டும் சும்மா நின்னா அது செத்த உருப்படி."

தாத்தா நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். "நாம என்னா கறக்கவா போறோம், ஒதச்சா ஒதச்சுட்டுப் போவுது. வாங்கு" என்றார்.

உள்ளேயிருந்து சித்தப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு முதுகில் என்னவோ தட்டினார். என் பேரைவிட அது மிக நீளமாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன், காலையில் துண்டைப் போட்டு எந்த மாட்டுக்கு விலை பேசினீர்கள் என்று.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கயித்த அறுத்துக்கினு ஓடப் பாத்துச்சு ஒண்ணு. இப்பக் கட்டியாச்சு. தாத்தாகிட்ட சொல்லாத."

நான் உடனே கொட்டகைக்கு ஓடினேன். எல்லா மாடும் கட்டினபடி நின்று வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கயிற்றையும் தொட்டுப் பார்த்தேன். எதுவும் அறுந்திருக்கவில்லை.